மொழித்திறன் தேர்வில் நான்கு ஆப்ஷன்களில் சரியானதைக் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பத்தி புரிந்தது, வினாவும் புரிந்தது, இரண்டு ஆப்ஷன்கள் சரியாகவே பட்டன, ஒன்றை ஷேடு செய்தேன், தவறாகிவிட்டது. மொழித்திறன் தேர்வு எழுதுகிறவர்கள் அதிகம் சொல்லும் புகார் இது. பெரும்பாலும் மொழியறிவில் குறை இருக்காது, வேலை செய்த வரிசையில்தான் இருக்கும். "எது சரியாகப் படுகிறது?" என்று தேடினால் கடைசியில் இரண்டு ஆப்ஷன்களுக்கு நடுவே சிக்கிக்கொள்வீர்கள். "இந்த ஆப்ஷனைத் தவறாக்கும் சொல் எது?" என்று தேடுங்கள்.

அப்படி ஒரு சொல் இருந்தே தீரும். வேறொரு ஆப்ஷனும் சரிதான் என்று யாராவது முறையீடு செய்தால், வினா தயாரித்தவர் மற்ற மூன்றும் ஏன் தவறு என்று காட்டியாக வேண்டும். "அது அவ்வளவு பொருத்தமாக இல்லை" என்பது அங்கே எடுபடாது. அதனால் ஒவ்வொரு தவறான ஆப்ஷனிலும் கைவைத்துக் காட்டக்கூடிய பிழை ஒன்றை வைத்திருப்பார்கள். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அந்தப் பிழையைப் பிடிப்பதற்கானவை.

## தொடங்குமுன் தேவையானவை

நீங்கள் எழுதப்போகும் தேர்வின் உண்மையான பழைய வினாத்தாள்கள் வேண்டும். அவசரத்தில் தயாரித்த மாதிரித் தாள்களில் ஆப்ஷன்கள் தளர்வாக இருக்கும். இரண்டு விடைகள் பொருந்தும், அல்லது எதுவுமே பொருந்தாது. அவற்றில் பழகினால் "ஏதோ ஒன்றைப் போட வேண்டியதுதான்" என்ற மனநிலை வந்துவிடும். கையில் பழைய தாள் பத்துதான் இருக்கிறது என்றால், அந்தப் பத்தையே இரண்டு முறை செய்வது மேல்.

பென்சில் வேண்டும். கணினித் தேர்வு என்றால் ரஃப் தாளில் வினா எண்ணைப் போட்டு, பக்கத்தில் அ ஆ இ ஈ என்று எழுதி, கழிந்த எழுத்தை அடித்துக்கொண்டே போங்கள். மனத்துக்குள் கழிப்பவர்கள், ஏற்கெனவே தள்ளிய ஆப்ஷனையே மறுபடி மறுபடி படிப்பார்கள்.

தவறுகளைப் பதிவுசெய்ய ஒரு நோட்டு. அதை எப்படி எழுதுவது என்று கடைசிப் பகுதியில் இருக்கிறது.

## 1. மதிப்பெண் விதியை முதலில் படியுங்கள்

தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்களா, எவ்வளவு, விட்ட வினாவுக்குக் கழிவு உண்டா, திரும்பப் போய் மாற்ற முடியுமா, ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைக் குறிக்க வேண்டிய வினாக்கள் உண்டா? இந்த ஐந்துக்கும் பதில் தெரியாமல் உத்தி வகுக்க முடியாது.

பழைய அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழித்தார்கள். 2016இல் அதை நீக்கிவிட்டார்கள். "தெரியாததைத் தொடாதே" என்பது கழிவு இருந்த காலத்து அறிவுரை. கழிவு இல்லாத தேர்வில் அதைப் பின்பற்றினால் மதிப்பெண்ணை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். முதுகலைச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வில் தவறுக்குக் கழிவு கிடையாது. ஆனால் மூன்று கோடிட்ட இடங்கள் உள்ள வினாவில் இரண்டைச் சரியாக நிரப்பினாலும் பாதி மதிப்பெண் கிடைக்காது. மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

## 2. வினாவைப் படியுங்கள், ஆப்ஷன்களைப் படிக்காதீர்கள்

பத்திக்குப் போகுமுன் வினாவை மட்டும் ஒருமுறை பாருங்கள். என்ன தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு படித்தால் பத்தி வேறு மாதிரி கண்ணில் படும்.

ஆப்ஷன்களை மட்டும் இப்போது பார்க்கக் கூடாது. நான்கில் மூன்று பொய். அவற்றை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போனால், பத்தியில் இல்லாததும் இருப்பதுபோலத் தோன்றும். "எங்கேயோ பார்த்தேனே" என்ற அந்த உணர்வு பத்தியிலிருந்து வந்ததா, ஆப்ஷனிலிருந்து வந்ததா என்று பிறகு பிரித்தறிய முடியாது.

ஒரு நீண்ட பத்தியின்கீழ் ஆறேழு வினாக்கள் இருந்தால் இந்தப் படியை விட்டுவிட்டு நேராகப் பத்திக்குப் போங்கள். ஆறு வினாக்களை மனத்தில் சுமந்துகொண்டு படிப்பது வீண் சுமை.

வினாவில் "அல்லாதது", "கூறப்படாதது", "தவிர", "பொருந்தாதது" என்று வந்தால் அந்தச் சொல்லை வட்டமிடுங்கள். இத்தகைய வினாவில் மூன்று ஆப்ஷன்கள் உண்மையாக இருக்கும். உண்மையைத் தேடிப் பழகிய கண் முதலில் எதிர்ப்படும் உண்மையைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடும். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் பக்கத்தில் "உண்டு", "இல்லை" என்று எழுதுங்கள்; மூன்று "உண்டு" வந்தால் மிச்சமிருப்பதே விடை.

## 3. பத்தியில் யார் பேசுகிறார், எங்கே திரும்புகிறார் என்று குறியுங்கள்

எல்லா வரியையும் அடிக்கோடிட்டால் எதையும் குறிக்காததற்குச் சமம். இரண்டு மட்டும் போதும்.

முதலாவது, திருப்பம் தரும் சொற்கள்: ஆனால், ஆயினும், எனினும், மாறாக, உண்மையில், இருந்தபோதிலும். ஆசிரியரின் சொந்தக் கருத்து பெரும்பாலும் இவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

இரண்டாவது, குரல். "என்று கருதப்பட்டது", "என்பர் சிலர்", "என்றொரு வாதம் உண்டு" என்று வருமிடத்தில் பேசுவது ஆசிரியர் அல்ல. வினா "ஆசிரியரின் கருத்து என்ன?" என்று கேட்கும்; மற்றவர் கருத்தை ஒரு ஆப்ஷனாக வைத்திருப்பார்கள். பத்தியில் அச்சாகியிருப்பதால் அது சரியாகவே தோன்றும்.

இனி வரும் படிகளுக்கு இந்தப் பத்தியை வைத்துக்கொள்வோம்:

"விளக்கைச் சுற்றும் பூச்சிகள் வெளிச்சத்தால் கவரப்படுகின்றன என்றே நீண்ட காலம் கருதப்பட்டது. அதிவேகக் கேமராப் பதிவுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. பறக்கும் பூச்சிகள் பல, வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பி, எது மேல், எது கீழ் என்று உணர்ந்துகொள்கின்றன. இயற்கையில் இரவிலும் தரையைவிட வானமே வெளிச்சமானது என்பதால் இந்தப் பழக்கம் அவற்றை நேராகப் பறக்க வைக்கிறது. அருகில் விளக்கு ஒன்று எரிந்தாலோ, முதுகை அதன் பக்கம் திருப்பித் திருப்பி அதையே சுற்றி வருகின்றன. ஆயினும், தொலைவிலிருந்து பூச்சிகள் விளக்கை நோக்கி ஏன் வருகின்றன என்பதை இந்த விளக்கம் தீர்த்துவிடவில்லை."

இதில் குறிக்க வேண்டியவை, அந்த இரண்டோடு ஓர் அளவுச் சொல்லும் சேர்த்து, மூன்றே: "கருதப்பட்டது" (மற்றவர் குரல்), "பல" (அளவு), "ஆயினும்" (திருப்பம்).

## 4. வினா என்ன வகை என்று முடிவுசெய்யுங்கள்

வகை மாறினால் சரியான விடைக்கான அளவுகோலும் மாறும். ஒரே ஆப்ஷன் ஒரு வகை வினாவுக்குச் சரியாகவும் இன்னொன்றுக்குத் தவறாகவும் இருக்கலாம்.

விவர வினா என்றால் விடை பத்தியின் ஒரு வரியில் வேறு சொற்களில் இருக்கும். அந்த வரியில் விரல் வைக்க முடியாவிட்டால் இன்னும் விடை கிடைக்கவில்லை என்று பொருள்.

மையக்கருத்து வினாவின் விடை பத்தி முழுவதையும் தாங்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் மட்டும் வரும் உண்மை, எவ்வளவு உண்மையானாலும், மையக்கருத்து ஆகாது.

அனுமான வினாவில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். "பத்தியிலிருந்து அறியக்கூடியது எது?" என்றதும் கற்பனைக்கு அனுமதி கிடைத்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். தேர்வில் அனுமானம் என்பது மிகச் சிறிய ஓர் அடி: பத்தி உண்மையானால் அதுவும் உண்மையாகத்தான் இருந்தாக வேண்டும். மேலே உள்ள பத்தியிலிருந்து "செயற்கை வெளிச்சம் இல்லாத இடத்தில் இந்தப் பழக்கம் பூச்சிகளுக்கு உதவுகிறது" என்று எடுக்கலாம். "செயற்கை வெளிச்சத்தால் பூச்சி இனங்கள் அழிகின்றன" என்று எடுக்க முடியாது. அதற்குப் பத்தியில் ஆதாரம் இல்லை.

தொனி வினாவுக்கு ஆசிரியர் பயன்படுத்திய பெயரடைகளையும் வினையடைகளையும் மட்டும் பொறுக்கி எடுத்துப் பாருங்கள். நோக்க வினாவில் "இந்த வரி என்ன சொல்கிறது" என்பதல்ல, "ஏன் இங்கே வருகிறது" என்பதே கேள்வி. முந்தைய வரியோடு அதற்குள்ள உறவைப் பாருங்கள்.

வாதத்தை வலுப்படுத்தும், பலவீனப்படுத்தும் வினாக்களில் முதலில் முடிவு எது, காரணம் எது என்று பிரித்து எழுத வேண்டும். "நூலகத்தின் நேரத்தை நீட்டித்தார்கள், வருகை கூடியது, ஆகவே நீட்டிப்பே காரணம்." இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது வேறொரு காரணம்: அதே மாதத்தில் தேர்வுகள் தொடங்கின. "நூலகத்தில் இருக்கைகள் போதவில்லை" என்பது உண்மையான குறையாக இருக்கலாம். முடிவைத் தொடவே இல்லை. வாதத்தின் மறைமுக எடுகோளை (சொல்லாமலே உண்மையென்று எடுத்துக்கொண்டதை) கேட்டால், ஆப்ஷனை எதிர்மறையாக்கிப் பாருங்கள். எதிர்மறையாக்கியதும் வாதம் சரிந்தால் அதுதான் எடுகோள்.

## 5. ஆப்ஷன்களை மூடிவைத்து, சொந்த விடையைச் சொல்லுங்கள்

நான்கைந்து சொற்கள் போதும், முழு வாக்கியம் வேண்டாம். "புது விளக்கம், பாதிதான் தீர்த்தது" என்று மனத்தில் ஒரு விடை இருந்தால், அழகாக எழுதப்பட்ட பொய் உங்களை இழுக்காது. மனத்தில் எதுவும் இல்லாமல் ஆப்ஷன்களுக்குள் நுழைந்தால் கடைசியாகப் படித்ததே சரியென்று படும்.

விடை தோன்றவே இல்லை என்றால் பத்தியின் தொடர்புடைய வரிக்கு மறுபடி போங்கள். பல நேரம் குழப்பம் ஆப்ஷனில் இருப்பதாகத் தோன்றினாலும், வரியைச் சரியாகப் படிக்காததே காரணமாக இருக்கும்.

## 6. ஒவ்வொரு தவறையும் ஒரு சொல்லால் கழியுங்கள்

வினா: புதிய விளக்கத்தைப் பற்றி ஆசிரியர் கூறுவது எது?

அ) எல்லாப் பூச்சிகளும் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டியே பறக்கின்றன என்று அது காட்டுகிறது.
ஆ) வெளிச்சம் பூச்சிகளைக் கவர்வதே இல்லை என்று அது நிறுவிவிட்டது.
இ) விளக்கருகே பூச்சிகளின் நடத்தைக்கு அது காரணம் தருகிறது, அவை விளக்கை அணுகுவதை முழுதும் விளக்கவில்லை.
ஈ) இரவு விளக்குகளைக் குறைக்க வேண்டியதன் அவசியத்தை அது உணர்த்துகிறது.

அ ஆப்ஷனை "எல்லா" என்ற ஒரு சொல் கொல்கிறது. பத்தியில் இருப்பது "பல". ஆ ஆப்ஷனில் "நிறுவிவிட்டது". பத்தியின் கடைசி வரி அதை மறுக்கிறது. ஈ நல்லெண்ணம் கொண்ட கருத்துதான், பலருக்கு உடன்பாடாகவும் இருக்கும். ஆனால் "அவசியம்" பற்றிப் பத்தி வாயே திறக்கவில்லை. மிச்சம் இ. அது பத்தியின் சொற்களை அதிகம் திருப்பிச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில் வரும். பத்தியின் சொற்களை அப்படியே அள்ளிப் போடுவது தவறான ஆப்ஷனுக்கான தூண்டில்.

அடிக்கடி வரும் பிழைகள் இவை.

அளவு மாற்றம். சில, பல, பெரும்பாலான, எல்லா என்பது ஒரு படிக்கட்டு. பத்தி நிற்கும் படிக்கு மேலே ஏறிய ஆப்ஷன் தவறு. "கூடும்", "ஆகும்" என்ற வேறுபாடும் இதே கதைதான். தமிழ் வினாக்களில் இந்த ஏற்றம் ஓர் எழுத்திலும் ஒளிந்திருக்கும்: "வெளிச்சமும் காரணம்" என்பதும் "வெளிச்சமே காரணம்" என்பதும் வெவ்வேறு கூற்றுகள். உம், ஏ, தான், மட்டும், கூட என்று வரும் இடங்களில் கண் ஒரு நொடி நின்று நகர வேண்டும்.

இதை விதியாக மாற்றிவிடக் கூடாது. "எப்போதும்", "ஒருபோதும்" என்று வந்தாலே தவறு என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவர்கள் உண்டு. பத்தியே "ஒருபோதும்" என்று சொன்னால் ஆப்ஷனும் சொல்லலாம். சந்தேகத்துக்கான மணி அது, தீர்ப்பு அல்ல.

பாதி சரி, பாதி தவறு. நீளமான ஆப்ஷன்களில் முதல் பாதி பத்தியோடு அச்சாகப் பொருந்தும். காற்புள்ளிக்குப் பிறகு ஒரு சொல் விலகும். முதல் பாதியிலேயே மனம் ஒப்பிவிடுவதால் இரண்டாம் பாதியை மேலோட்டமாகப் படித்துவிடுகிறோம். நீண்ட ஆப்ஷனைப் பின்பாதியிலிருந்து சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

திருப்பிப் போட்டது. காரணம் விளைவாகவும், விளைவு காரணமாகவும் மாறியிருக்கும். சொற்கள் எல்லாம் பத்தியிலிருந்தே வருவதால் வேகமாகப் படித்தால் பிடிபடாது.

இல்லாத ஒப்பீடு. பத்தி இரண்டு பொருள்களைப் பற்றிப் பேசியிருக்கும், எது பெரிது என்று சொல்லியிருக்காது. ஆப்ஷனில் "ஐவிட", "மிக" என்று வந்தால் அந்த ஒப்பீடு பத்தியில் நடந்ததா என்று பாருங்கள்.

உண்மை, ஆனால் கேட்டது அதுவல்ல. மூன்றாம் வரியைப் பற்றிய வினாவுக்கு ஐந்தாம் வரியின் உண்மையைத் தருவார்கள். நன்றாகப் படித்தவர்களையே வீழ்த்தும் ஆப்ஷன் இது. பத்தியில் இருப்பது நினைவுக்கு வந்ததும் மகிழ்ந்துபோய்க் குறித்துவிடுகிறார்கள். விடையை முடிவுசெய்தபின் வினாவை இன்னொரு முறை படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வெளியறிவு. உலகத்தில் உண்மை, பத்தியில் இல்லை. அந்தத் துறையை நன்கு அறிந்தவர்களுக்கு இது பெரிய ஆபத்து. உங்கள் துறை சார்ந்த பத்தி வந்தால் மற்றதைவிட மெதுவாகப் படியுங்கள்.

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுகளில் "சரி, தவறு, சொல்லப்படவில்லை" என்ற மூன்று தெரிவுகள் வரும். "தவறு" என்று போட, பத்தி அந்தக் கூற்றை மறுத்திருக்க வேண்டும். "பூச்சிகள் வயிற்றுப்பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டுகின்றன": தவறு, முதுகு என்று பத்தி சொல்கிறது. "வண்டுகளைவிட அந்துப்பூச்சிகள் அதிக நேரம் சுற்றுகின்றன": சொல்லப்படவில்லை. அது உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று உங்களுக்குத் தோன்றினாலும் "தவறு" என்று போடக்கூடாது.

## 7. கடைசி இரண்டுக்கு நடுவே சிக்கினால்

இரண்டையும் மறுபடி மறுபடி முழுதாகப் படிப்பதில் பயனில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்று நன்றாகத் தோன்றும். இப்படிச் செய்யுங்கள்.

முதலில் இரண்டுக்கும் பொதுவான பகுதியை ஒதுக்கிவிடுங்கள். அதில் தகராறு இல்லை. வேறுபடும் ஒரே சொல்லையோ தொடரையோ கண்டுபிடியுங்கள். பிறகு அந்த வேறுபாட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு பத்திக்குப் போங்கள். உரிய வரியையும் அதற்கு முன் ஒரு வரியையும் பின் ஒரு வரியையும் படியுங்கள்.

மேலே உள்ள பத்திக்கு மையக்கருத்து கேட்டு இந்த இரண்டும் மிஞ்சினவென்று வைத்துக்கொள்வோம்: "பூச்சிகள் வானத்தின் வெளிச்சத்தைக் கொண்டு திசையறியும் விதம்", "விளக்கைச் சுற்றும் நடத்தைக்குக் கிடைத்துள்ள புது விளக்கமும் அதன் எல்லையும்". முதலாவது ஒரு வாக்கியத்தைத்தான் தொடுகிறது. அதோடு பத்தி சொன்னது மேல், கீழ் உணர்வு; "திசை" அல்ல. இரண்டாவதில் "எல்லை" என்ற சொல் "ஆயினும்" என்று தொடங்கும் கடைசி வரியைத் தாங்குகிறது.

அப்படியும் பிரியவில்லை என்றால், எது குறைவாக உரிமை கோருகிறது என்று கேளுங்கள். அனுமான வினாக்களில் அடக்கமான கூற்றுக்கே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அதை நிரூபிக்கக் குறைந்த ஆதாரம் போதும். மையக்கருத்து வினாவில் இந்த உத்தி உதவாது. அங்கே மிகவும் குறுகியதும் தவறுதான்.

இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். ஒன்றைக் குறித்து, வினா எண்ணுக்குப் பக்கத்தில் அடையாளம் இட்டு நகருங்கள்.

## 8. பத்தி இல்லாத வினாக்கள்

கோடிட்ட இடம். "உரை நீளமானதுதான், ஆனாலும் கேட்டவர்களுக்கு அது ______ தோன்றவில்லை, கடைசிவரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை." அ) சுவையாகத் ஆ) சலிப்பாகத் இ) சுருக்கமாகத் ஈ) தெளிவாகத். ஒருவரும் எழவில்லை என்பதைக் கண்டதும் "சுவையாக" என்று குறிப்பவர்கள் "தோன்றவில்லை" என்ற எதிர்மறையைத் தவறவிட்டவர்கள். "சுருக்கமாக" நீளத்தோடு பொருந்துவதுபோலத் தெரியும், ஆனால் "ஆனாலும்" என்ற சொல் எதிர்த்திசையைக் கேட்கிறது. விடை ஆ. வாக்கியத்தில் எத்தனை எதிர்மறைகள், எத்தனை திருப்பங்கள் என்று எண்ணிவிட்டுத்தான் சொல்லைத் தேட வேண்டும். நிரப்பியபின் முழு வாக்கியத்தையும் முணுமுணுத்துப் பாருங்கள்.

பொருள் அறிதல். "இந்தச் சுவடியின் மூன்று படிகள் கிடைத்துள்ளன, மூன்றிலும் இந்த வரி வேறுபடுகிறது." இங்கே "படி" என்பதற்கு நிலை, அளவு, பிரதி, விதம் என்று தந்தால் விடை பிரதி. ஒரு சொல்லின் மிகப் பழகிய பொருள் ஆப்ஷனில் கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் அதுவே பொறி. அதனால்தான் பழகிய சொல்லைக் கேட்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை.

ஒப்புமை. வெப்பமானி : வெப்பநிலை. இரண்டையும் இணைத்து ஒரு வாக்கியம் செய்யுங்கள்: "வெப்பமானி, வெப்பநிலையை அளக்கும் கருவி." இனி ஒவ்வொரு இணையையும் அதே வாக்கியத்தில் போடுங்கள். அடுப்பு : வெப்பம் (அளப்பதில்லை, தருகிறது), எடை : தராசு (வரிசை மாறிவிட்டது), கடிகாரம் : முள் (உறுப்பு), தராசு : எடை (பொருந்துகிறது). இரண்டு பொருந்தினால் உங்கள் வாக்கியம் தளர்வாக இருக்கிறது, இன்னும் இறுக்குங்கள். அடுப்பு : வெப்பம் போன்ற ஆப்ஷன் வினாவோடு சொல்லளவில் உறவுள்ளதாகத் தோன்றி இழுக்கும். கேட்கப்படுவது சொற்களின் உறவு மட்டும்தான், துறை அல்ல.

வாக்கியங்களை வரிசைப்படுத்துதல். இந்த நான்கைப் பாருங்கள்: (1) இதனால் ஏரியின் மேற்பரப்பே முதலில் உறைகிறது. (2) நீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் அதிக அடர்த்தியோடு இருக்கும். (3) அந்தப் பனிப்படலம் கீழுள்ள நீரின் வெப்பத்தைக் காக்கிறது. (4) அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே வந்து தங்குகிறது. முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டு உட்காராமல், முதலில் வர முடியாதவற்றைத் தள்ளுங்கள். "இதனால்", "அந்த", "அதைவிட" என்று தொடங்குபவை எதன்மீதோ சாய்ந்து நிற்கின்றன, எஞ்சுவது 2. பிறகு பிரிக்க முடியாத இணைகளைப் பிடியுங்கள்: "அந்தப் பனிப்படலம்" என்பதற்கு முன்பு உறைதல் வந்திருக்க வேண்டும், எனவே 1க்குப் பின் 3. இந்த இரண்டு தகவல்களே போதும், ஆப்ஷன்களில் 2-4-1-3 தவிர மற்றவை பெரும்பாலும் விழுந்துவிடும்.

பிழை காணல். நடுவில் செருகிய தொடர்களை எடுத்துவிட்டு எழுவாயையும் பயனிலையையும் பக்கத்தில் வையுங்கள். "பெட்டிகளில் ஒன்று, மற்றவற்றைவிடக் கனமானது, நனைந்திருந்தன." ஒன்று... நனைந்திருந்தன? நனைந்திருந்தது என்றுதான் வர வேண்டும். காதுக்குச் சரியாகக் கேட்டதற்குக் காரணம், பன்மையாக வந்த "பெட்டிகள்".

"மேற்கண்ட அனைத்தும்" இருந்தால்: ஒன்று தவறென்று உறுதியானாலே அது போய்விடும். இரண்டு சரியென்று உறுதியாகி, விடை ஒன்றே என்றால், அதுதான் விடை; மூன்றாவதைச் சோதித்து நேரம் இழக்க வேண்டாம்.

## 9. ஊகிக்கலாமா, விடலாமா? கணக்குப் போடுங்கள்

கழிவு இல்லாத தேர்வில் எந்த வினாவையும் காலியாக விடக்கூடாது. கழிவு உண்டென்றால் கணக்கு இப்படிப் போகும்.

நான்கு ஆப்ஷன், சரிக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒன்று கழிவு என்று வைப்போம். 12 வினாக்களைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக 3 சரி, 9 தவறு. வரவு 3, கழிவு 3, கையில் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு ஆப்ஷனைக் கழித்துவிட்டுக் குறித்தால் 4 சரி, 8 தவறு. மிச்சம் சுமார் 1.33. இரண்டைக் கழித்தால் 6 சரி, 6 தவறு, மிச்சம் 4. ஆக, ஒன்றையாவது காரணத்தோடு கழிக்க முடிந்தால் குறிப்பதே லாபம்.

கழிவு அரை மதிப்பெண் என்றால் நிலைமை மாறும். ஒன்றைக் கழித்தாலும் சராசரி பூஜ்யம்தான்; இரண்டைக் கழித்த பிறகே லாபம்.

"காரணத்தோடு" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிடிக்காததால் கழித்த ஆப்ஷன், கழித்ததாகாது. சரியானதையே தூக்கி எறிந்திருந்தால் மேலே உள்ள கணக்கு முழுவதும் உடைந்துவிடும். அதேபோல "நீளமானதே சரி", "தொடர்ந்து மூன்று முறை ஆ வந்துவிட்டது, இனி வராது" என்பவற்றுக்கு ஆதாரம் கிடையாது.

## 10. குறித்த விடையை எப்போது மாற்றலாம்

"முதலில் தோன்றியதே சரி, மாற்றாதே" என்று எல்லாரும் சொல்வார்கள். ஜஸ்டின் குரூகர் முதலான உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் விடைத்தாளில் அழித்துத் திருத்திய இடங்களைப் பார்த்தார்கள். திருத்தங்களில் ஏறத்தாழ பாதி, தவறிலிருந்து சரிக்குப் போயிருந்தன. சரியிலிருந்து தவறுக்குப் போனவை கால்வாசி. சரியாக இருந்ததை மாற்றிக் கெடுத்த வருத்தம் நெடுநாள் நிற்கிறது, மாற்றி மதிப்பெண் பெற்றது மறந்துபோகிறது. அதனால்தான் அந்த நம்பிக்கை சாகாமல் இருக்கிறது.

மாற்றுவதற்கு ஒரே நிபந்தனை: கையில் புதிதாக ஒன்று இருக்க வேண்டும். படிக்காமல் விட்ட "அல்லாதது" கண்ணில் பட்டது, வேறொரு வரி நினைவுக்கு வந்தது, அளவுச் சொல் பிடிபட்டது என்றால் தயங்காமல் மாற்றுங்கள். வெறும் பதற்றம் என்றால் கை வைக்காதீர்கள்.

வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளில் ஒரு வினாவை விட்டு நகரும்போது வரிசை ஒன்று நழுவி, அதன்பின் எல்லாமே தவறாகும் விபத்து நடக்கிறது. ஐந்தைந்து வினாக்களுக்கு ஒருமுறை, வினா எண்ணும் வட்டத்தின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

## 11. தவறு நோட்டு

மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்கு ஓடுவதுதான் பயிற்சியில் நடக்கும் மிகப் பெரிய விரயம். ஒரு தாள் எழுத ஒரு மணி நேரம் ஆனால், அதைப் பிரித்துப் பார்க்கவும் அதே அளவு நேரம் ஒதுக்குங்கள்.

தவறான ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு கட்டம் எழுதுங்கள்: நீங்கள் போட்ட ஆப்ஷன், அதைத் தவறாக்கிய சொல், சரியான விடைக்கு ஆதாரமான வரி, பிழையின் வகை (அளவு, பாதிச் சரி, வெளியறிவு, வினாவைத் தவறாகப் படித்தது). இரண்டாம் கட்டத்தில் ஒரு சொல்லைத்தான் எழுத வேண்டும். "கவனக்குறைவு" என்று எழுதினால் அடுத்த முறையும் அதே இடத்தில் விழுவீர்கள், ஏனென்றால் எதைக் கவனிக்க வேண்டும் என்று அதில் இல்லை.

தற்செயலாகச் சரியானவற்றையும் இதில் சேர்க்க வேண்டும். தாள் எழுதும்போதே சந்தேகமான வினாக்களுக்கு ஒரு புள்ளி வைத்தால் பிறகு கண்டுபிடிப்பது எளிது.

முதல் சில தாள்களைக் கடிகாரம் இல்லாமல் செய்யுங்கள். ஒவ்வொரு தவறான ஆப்ஷனிலும் குற்றச் சொல்லை அடிக்கோடிட்ட பிறகே அடுத்த வினாவுக்குப் போங்கள். அடிக்கோடு தடுமாறாமல் விழத் தொடங்கியபின் கடிகாரத்தை வையுங்கள். முதலில் உண்மையான நேரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வைத்து, தாளுக்குத் தாள் குறைத்து வாருங்கள். நோட்டில் ஐம்பது பதிவுகள் சேர்ந்ததும் வகைகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வகைகளே பாதிக்கு மேல் இருக்கும். அடுத்த தாளில் அந்த இரண்டை மட்டும் குறிவைத்துப் படியுங்கள்.